தடம் அறுகிற இடம்

பீகிள் நாயைத் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் பார்த்திருப்பார்கள். ஒன்று, ஸ்னூப்பி வரும் படக்கதை. இன்னொன்று, அமெரிக்க விமான நிலையம். பச்சை அங்கி போட்ட சின்ன நாய் ஒன்று நம் பெட்டியை மோந்துவிட்டுச் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தால், உள்ளே கறிவேப்பிலையோ மாம்பழமோ இருக்கிறது என்று அர்த்தம். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஏற்பாடு அது. அந்த மூக்கு விமான நிலையத்துக்காக உருவானதல்ல. பல தலைமுறைகளாக முயல் தடத்தை மோந்து மோந்து உருவானது. அந்த மூக்கு இன்னும் வேலைக்கு ஆகிறதா என்று சோதிப்பதற்கு அமெரிக்காவில் களப்போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் நான் நடுவராக இருக்கிறேன்.

பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதிக்கு வேலைக்கு வந்து, வீடு வாங்கி, பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து ஒரு பீகிள் குட்டியை வாங்கினேன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். குட்டிக்கு ஆறு மாதம் ஆனதும், "இதை முயல் காட்டாமல் வளர்ப்பது பாவம்" என்று சொல்லி, பீகிள் கிளப்பின் வேலியிட்ட காட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். அவர் பல வருடம் நடுவராக இருந்தவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கோவில்பட்டியிலிருந்து என் மைத்துனன் வந்திருந்தபோது அவனை ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். கன்னியும் சிப்பிப்பாறையும் வளர்க்கிற வட்டாரத்தில் பிறந்தவன். அந்த நாய்கள் கண்ணால் ஓடுகிறவை. முயல் எழுந்ததும் பார்க்கும், பாயும், சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே முயல் போய் நெடுநேரம் கழித்து, தரையில் மூக்கை வைத்தபடி, ஊளையும் குரைப்புமாகக் குட்டைக்கால் நாய்கள் புதருக்குள் போவதைப் பார்த்து அவனுக்குக் குழப்பம். "மாமா, முயலைப் பிடிக்கவே போறதில்ல. அப்புறம் எதை வச்சு இந்த நாய் ஜெயிச்சுதுன்னு சொல்வீங்க?"

இந்தத் தொழிலின் அடிக்கேள்வி அதுதான். ஓட்டப் பந்தயத்தில் கோடு இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. இங்கே இரண்டும் இல்லை. முயலைச் சுடுவதில்லை, பிடிப்பதும் இல்லை. முயல் தப்பித்து மறுநாளும் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் கிளப்கள் சொந்தக் காட்டில் புதர்க் குவியல் போட்டுப் பராமரிக்கின்றன. வென்றது எது என்று சொல்வதற்கு இரண்டு மனிதர்களின் கண்ணும் காதும் மட்டுமே உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு நடுவர்கள். நாயின் திறமை பற்றி அவர்கள் சேர்ந்து சொல்வதுதான் கடைசி வார்த்தை.

பிரிவுகள் எளியவை. தோள் உயரம் 13 அங்குலத்துக்குள் இருப்பவை ஒரு வகை. 13-ஐத் தாண்டி 15 வரை இருப்பவை இன்னொரு வகை. 15-க்கு மேல் போனால் களத்தில் இடமில்லை. இரண்டிலும் ஆண், பெட்டை தனித்தனி. ஆக நான்கு. அமெரிக்கன் கென்னல் கிளப் கணக்கில், பிரிவில் எத்தனை நாய் இறங்கியதோ அத்தனை புள்ளி முதலிடத்துக்கு, பாதி இரண்டாமிடத்துக்கு, மூன்றில் ஒரு பங்கு மூன்றாமிடத்துக்கு, நாலில் ஒரு பங்கு நான்காமிடத்துக்கு. மூன்று முதலிடமும் 120 புள்ளியும் சேர்ந்தால் அது ஃபீல்டு சாம்பியன். அந்தப் பட்டம் நாயின் பெயருக்கு முன்னால் ஏறிவிட்டால், அதனிடம் இணை சேர்க்க ஆட்கள் பல மாநிலம் தாண்டி வண்டி ஓட்டி வருவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்புகிறேன்.

நடுவராகப் பழகுவது என்றால், முதலில் நடுவராக இல்லாமல் களத்தில் நடப்பது. பெரியவர் என்னை மார்ஷல் வேலைக்குத்தான் முதலில் விட்டார். அடுத்த குழுவின் நாய்களைக் கூப்பிட்டுத் தயாராக நிறுத்துவது, நாய்க்காரர்கள் நடுவரை முந்திப் போய்த் தடத்தை மிதிக்காமல் பார்த்துக்கொள்வது, முயல் எழுந்த இடத்தைக் காட்டுவது. யாராவது முயலைக் கண்ணால் பார்த்தால் "டாலி-ஹோ" என்று கத்துவார்கள். நாய்க்காரர்கள் நாய்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மார்ஷலுக்கு மதிப்பெண் போடும் பொறுப்பு கிடையாது. அதனால் நாள் முழுக்க நடுவர் எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்று கவனிக்க முடியும். அதன் பிறகு சாம்பியன் புள்ளி இல்லாத பயிற்சிப் போட்டிகளில் அனுபவமுள்ள நடுவரோடு ஜோடியாக நின்றேன். விதிநூலைக் கிழியக் கிழியப் படித்தேன். நடுவர்களுக்கான பயிலரங்கில் உட்கார்ந்தேன். ஆனால் கற்றது பெரும்பாலும் நிற்கிற இடத்தைப் பற்றித்தான்.

நிற்கும் இடம் என்பது சாதாரண விஷயமல்ல. இந்தக் காடுகளில் உள்ள பஞ்சுவால் முயலுக்குச் சொந்த எல்லை சில ஏக்கர்தான். நாய் விரட்டினாலும் எல்லையை விட்டுப் போக மனம் வராது, வட்டமடித்துத் திரும்பும். குரல் எந்தப் பக்கம் வளைகிறது என்று காதால் பிடித்தால், முயல் எங்கே வெளியே வரும் என்று ஊகித்து முன்கூட்டியே அங்கே போய் அசையாமல் நிற்கலாம். முயல் நம்மைக் கடந்து போகும். எந்தப் புதரில் திரும்பியது, வெட்டுப்புல் பாதையில் எத்தனை அடி ஓடியது, எங்கே பக்கவாட்டில் தாவியது என்று கண்ணால் பார்த்தாயிற்று. இனி நாய்கள் வரும்போது உண்மையான தடம் எது என்று நமக்குத் தெரியும். அப்போதுதான் எந்த நாய் தடத்தில் இருக்கிறது, எது தடத்தில் இருப்பதுபோல் கத்துகிறது என்று சொல்ல முடியும். நாய்களின் பின்னாலேயே ஓடும் நடுவருக்கு வால்கள் மட்டுமே தெரியும். சில களங்களில் குதிரைமேல் இருந்து நடுவர் பார்ப்பார்கள். உயரம் உதவும் என்பது உண்மை. ஆனாலும் முள் ரோஜாப் புதர் அடர்ந்த காட்டில் நான் நடப்பதையே விரும்புகிறேன்.

முயல் பார்வைக்குத்தான் அப்பாவி. பாதையில் சில அடி ஓடி, வந்த வழியே திரும்பி, சட்டென்று பக்கத்தில் ஒரு தாவு தாவி, புல்லுக்குள் பதுங்கிவிடும். நாய்கள் பாய்ந்து வந்து, தடம் திடீரென்று அறுந்து, குரல்கள் ஒவ்வொன்றாக நிற்கும். இதைச் செக் என்கிறோம். பெரியவர் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "முன்னால் ஓடுகிற நாயை இங்கே எல்லாரும் பார்த்திருப்பார்கள். குரல் நின்றதும் எது எங்கே போனது என்று நீ பார்த்திருக்க வேண்டும்."

ஒரு வசந்தகாலக் காலை. இரவெல்லாம் பனி பெய்து, வெயில் ஏறும்போது தரை ஈரமாக மூச்சு விடுகிற நேரம். மோப்பத்துக்கு அதைவிட நல்ல வேளை கிடையாது. 13 அங்குலப் பெட்டைகளில் ஐந்து நாய் கொண்ட குழு. முயல் வெட்டுப்புல் பாதையில் இறங்கி, என் கால் பக்கம் வரை ஓடி, திரும்பி, பாதிவழியில் வலப்புறம் தாவியதைப் பார்த்தேன். அடையாளத்துக்கு ஒரு காய்ந்த கருங்கொடிப் புதரை மனதில் குறித்துக்கொண்டேன். நாய்கள் வந்தன. முன்னால் கறுப்பு முதுகுள்ள ஒரு நாய், நல்ல வேகம், நல்ல குரல். காலையிலிருந்து முன்னணியில் அதுதான். முயல் திரும்பிய இடத்தைத் தாண்டி முப்பது கெஜம் வரை கத்திக்கொண்டே போனது. பிறகு குரல் நின்றது. அகலமாக ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம், இன்னும் பெரியது. இரண்டாவது நாய் அதன் பின்னாலேயே போனது. மூன்றாவது வந்த வழியே திரும்பி, ஏற்கெனவே ஓடிய தடத்தில் கத்திக்கொண்டு பின்னோக்கிப் போனது. நான்காவது வந்து என்னைப் பார்த்தது.

ஐந்தாவது, எலுமிச்சை நிறத் திட்டுள்ள சின்னப் பெட்டை. தடம் கடைசியாக இருந்த இடத்திலிருந்து இரண்டடி, மூன்றடி என்று சுற்றியது. வாய் திறக்கவில்லை. புல்லின் ஓரமாக மூக்கைச் செருகிச் செருகி நகர்ந்தது. ஒரு இடத்தில் வால் வேகமாக ஆடத் தொடங்கியது. அப்போதும் சத்தமில்லை. இன்னொரு அடி உள்ளே போனது. வால் விடாமல் அடித்தது. அந்தக் கருங்கொடிப் புதரின் அடியில் மூக்கு போனதும்தான் நீளமாக ஒரு குரல் கொடுத்தது. மற்ற நான்கும் அந்தக் குரலை நம்பிப் பறந்து வந்தன. மறுபடி ஓட்டம் ஆரம்பித்தது. மறுபடி கறுப்பு நாய் முன்னால்.

நோட்டில் நான் எழுதியது மூன்று வரி. கறுப்பு நாய்: ஓட்டத்தில் முன்னணி, செக்கைத் தாண்டி ஓடியது, இடத்தை விட்டுப் போனது. மூன்றாவது: பின் தடம். எலுமிச்சை: செக்கை நெருக்கமாகத் தேடிப் பிடித்தது, உறுதியானபின் குரல். அன்றைக்கு அந்தக் கறுப்பு நாய்க்கும் இடம் கொடுத்தோம். முன்னணியில் நல்ல வேகத்தில் தடத்தை விடாமல் கொண்டுபோனதும் சாதனைதான். ஆனால் எலுமிச்சைப் பெட்டைக்குக் கீழே.

பழகத் தொடங்குகிறவருக்குக் குற்றம் கண்டுபிடிப்பது எளிது, அதனால் அதில்தான் இறங்குவார். விதிநூலில் குற்றப் பட்டியல் நீளமானது. வெற்றுக் கத்தல், பின் தடம், இல்லாத தடத்தில் ஓடுவதுபோல் நடித்தல், தடம் அறுந்த இடத்தை விட்டு ஓடிவிடுதல், தடத்துக்கு ஓரமாக ஓடிக் குறுக்கே புகுதல், ஒரே இடத்தைக் கிண்டிக்கொண்டே நிற்றல், வாய் திறக்காமல் ஓடுதல், மற்ற நாய் என்ன செய்கிறது என்று பார்த்தே ஓடுதல். ஒவ்வொன்றையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் விதிநூலே வலியுறுத்துவது இதற்கு முந்திய விஷயம்: நாய் செய்து காட்டிய வேலைக்காகத்தான் இடம் கொடுக்க வேண்டும். குற்றமே செய்யாத நாய் என்றால், பெரும்பாலும் ஒன்றுமே செய்யாத நாய். குழுவின் நடுவில் ஓடி, யாரோ கண்டுபிடித்த தடத்தில் குரல் கொடுத்து, யாரையும் தொந்தரவு செய்யாமல் வீடு திரும்பும். அதற்கு முதலிடம் கொடுத்தால் அதன் குட்டிகளும் அப்படியே ஓடும்.

இங்கேதான் சாம்பியன் பட்டத்தைப் பற்றி முன்னே சொன்னதற்குத் திரும்புகிறேன். நடுவர் கொடுக்கும் ரிப்பன் அன்றைக்கோடு முடிவதில்லை. இந்த நாட்டுப் பீகிளின் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1888-இல் நேஷனல் பீகிள் கிளப் உருவானது. 1890-இல் மாசசூசெட்ஸின் ஹயானிஸில் முதல் களப்போட்டி நடந்தது. பதினெட்டு நாய்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் பிரேஸ் முறையே ஆதிக்கம் செலுத்தியது. சீட்டுக் குலுக்கி இரண்டு இரண்டு நாய்களாக விட்டு, எது தடத்தைத் துல்லியமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பது. துல்லியம் நல்ல குணம். ஆனால் அடுத்தடுத்த தலைமுறை நடுவர்கள் துல்லியத்தை மட்டுமே எடைபோட்டார்கள். தடத்திலிருந்து ஒரு அடி விலகினாலும் குற்றம். ஒரு அடி கூட விலகாமல் ஓட ஒரே வழி, ஓடாமல் நடப்பதுதான். மெதுவாக நடந்த நாய்கள் வென்றன, வென்ற நாய்களிடம் இணை சேர்த்தார்கள், குட்டிகள் இன்னும் மெதுவாக நடந்தன. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், முயல் வேட்டைக்காரர்கள் போட்டிக்கார பீகிளை "வாக்கி-டாக்கி" என்று அழைக்கும் நிலை வந்தது. நடக்கும், பேசும், அவ்வளவுதான். முயல் எப்போதோ பக்கத்து மலைக்குப் போயிருக்கும்.

அதற்கு எதிர்வினையாகத்தான் துப்பாக்கியோடு போகிறவனுக்குப் பயன்படும் நாயைத் தேடும் போட்டிகள் வளர்ந்தன. பல நாய்களைச் சிறு குழுவாக விட்டுப் பார்க்கும் ஸ்மால் பேக் ஆப்ஷன் அவற்றில் ஒன்று. நான் நடுவராக இருப்பது இதில்தான். வெற்றுத் தோட்டா வெடித்து நாய் மிரள்கிறதா என்று பார்ப்பதும் இதில் உண்டு. வடக்கே பனிமுயல் இருக்கும் காடுகளில் லார்ஜ் பேக் நடக்கிறது. ஒரு பிரிவின் எல்லா நாய்களையும் விலாவில் எண் எழுதி ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள். அந்தக் காட்டில் தாங்கும் சக்திக்கே முதல் மரியாதை. இவற்றிலும் ஆபத்து இருக்கிறது. வேகத்தை மட்டும் பார்த்து மயங்கும் நடுவர், தடத்தை விட்டு முன்னால் பாய்ந்து அதிர்ஷ்டத்தில் முயலை மறுபடி பிடிக்கிற நாய்க்கு இடம் கொடுத்தால், இன்னொரு திசையில் அதே நாசம்தான். பிரேஸ் காலத்து நடுவர்கள் கெட்டவர்களல்ல. ஒரே ஒரு குணத்தை அளவுக்கு மீறி நேசித்தார்கள். நோட்டை எடுக்கும்போதெல்லாம் அது என் மனதில் ஓடும்.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் குரல் வேறு. மணி அடிப்பதுபோல் நீட்டிக் கூப்பிடுவதும் உண்டு, கட்டையாக வெட்டி வெட்டிக் கத்துவதும் உண்டு. இனிமைக்கு மதிப்பெண் கிடையாது, உண்மைக்கு உண்டு. தடம் இருக்கும்போது கத்தி, இல்லாதபோது வாய் மூடும் நாயின் குரலை மற்ற நாய்கள் நம்பும். ஒரு குழு யாரை நம்புகிறது என்பது நடுவருக்குப் பெரிய சாட்சி. புதருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாத நேரத்தில், எந்த நாய் குரல் கொடுத்தபோது மற்றவை ஓடின, எது கொடுத்தபோது தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை என்று கேட்டாலே போதும். அதற்கு நாய்களை அவிழ்த்துவிடும் முன்பே ஒவ்வொன்றின் குரலையும் நிறத்தையும் மனதில் பதிய வைக்க வேண்டும். மூன்று வண்ணத்தில் ஐந்து நாய் வந்து நின்றால், கழுத்தின் வெள்ளை, வாலின் நுனி, காதின் கறை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன்.

முதல் சுற்றில் வந்தவற்றில் நல்லவற்றைத் திரும்ப அழைத்து, கலந்து மறுபடி ஓடவிட்டு, கடைசியில் மேலான சிலவற்றை ஒன்றாக விட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு நாயைக் களத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது மனதுக்குக் கடினமான வேலை. நாய்க்காரர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வந்திருப்பார். பெரும்பாலோர் ஆலையிலும் லாரியிலும் வேலை பார்க்கிறவர்கள், விடுமுறையை இதற்காகச் சேர்த்து வைப்பவர்கள். தாமதமாகச் சொன்னால் மற்ற நாய்களுக்குக் கெடுதல். வெற்றுக் கத்தல் கத்துகிற ஒரு நாய் குழு முழுவதையும் குலைத்துவிடும். அதனால் குற்றம் உறுதியானதும் உடனே, பெயர் சொல்லி, மரியாதையாகச் சொல்ல வேண்டும். நாய்க்குத் தன்னைக் காட்டப் போதிய வாய்ப்பு கொடுத்தபின் சொல்ல வேண்டும். தரை காய்ந்து காற்றடிக்கும் மதிய நேரத்தில் வந்த குழு தடுமாறினால், காலைப் பனியில் ஓடிய குழுவோடு அதை நேராக ஒப்பிடக் கூடாது. வெயிலிலும் காற்றிலும் மோப்பம் சீக்கிரம் காய்ந்துவிடும். நடுவருக்கு மூக்கு இல்லையே தவிர, கன்னத்தில் படும் காற்றும் காலடியில் நொறுங்கும் இலையும் நிலைமையைச் சொல்லிவிடும்.

சக நடுவரோடு பேசுவது ஒரு தனிப் பயிற்சி. ஓட்டம் நடக்கும்போதே ஒப்பிட்டுப் பேசினால் ஒருவர் கண் மற்றவர் கண்ணை இழுத்துவிடும். அதனால் குழு முடியும்வரை நான் வாய் திறப்பதில்லை. முடிந்ததும் இருவரும் நோட்டைத் திறக்கிறோம். பெரும்பாலும் முதல் இரண்டு இடத்தில் சண்டை வராது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்தான் வரும். அப்போது "எனக்குப் பிடித்தது" என்று சொல்பவரிடம் பேச ஒன்றுமில்லை. "ஓடைக்கரைச் செக்கில் இது தடத்தை எடுத்தது, அது எடுக்கவில்லை" என்று சொல்பவரோடு ஐந்து நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடலாம். தன் சொந்த நாயோ தன் வீட்டார் நாயோ இறங்கும் பிரிவுக்கு நடுவராக நிற்கக் கூடாது என்பது விதி. நண்பரின் நாய்க்கு அப்படி விதி இல்லை. அதை நோட்டுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவு சொன்னபின் நாய்க்காரர்கள் வருவார்கள், பெரும்பாலும் கோபத்தோடு அல்ல, தெரிந்துகொள்ள. ஒரு பெண் தன் கறுப்பு நாயைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நாள் முழுக்க முன்னால் ஓடியதே, ஏன் இரண்டாவது?" நோட்டைத் திறந்து வெட்டுப்புல் பாதையில் நடந்ததைச் சொன்னேன். முயல் எங்கே திரும்பியது, அவர் நாய் எவ்வளவு தூரம் தாண்டிப் போனது, எவ்வளவு நேரம் இடத்துக்குத் திரும்பவில்லை. "இது இரண்டு வயது நாய். திரும்பி வந்து நெருக்கமாகத் தேடப் பழக்கினால் இதை அடிக்க ஆளில்லை" என்றேன். அவர் யோசித்துவிட்டு, அந்த எலுமிச்சைப் பெட்டையின் சொந்தக்காரர் யார் என்று விசாரித்தார். அடுத்த பருவத்துக்குத் தன்னிடமுள்ள ஓர் ஆண் நாயை அதோடு சேர்க்க முடியுமா என்று கேட்க வேண்டுமாம்.

பல கிளப்களில் நடுவர்கள் வயதானவர்களாகிவிட்டார்கள், புதியவர்கள் போதவில்லை. பெரியவருக்கு இப்போது முட்டி வலி. வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக் குரல்களை மட்டும் கேட்கிறார். என்னோடு மார்ஷலாக நடக்க வருகிற இளைஞர்களுக்கு முதல் நாள் நோட்டு கொடுப்பதில்லை. நாய்களைப் பார்க்காதே, முயல் எந்தப் புதரில் திரும்பியது என்று மட்டும் எனக்குக் காட்டு என்கிறேன். நாள் முடிவதற்குள் முயலின் வழியை முன்கூட்டிச் சொல்கிறவனை அடுத்த வாரப் பயிற்சிப் போட்டிக்கு என் பக்கத்தில் நிற்கச் சொல்கிறேன். அப்படி நிற்கிறவர்களில் ஒரு செவிலியர் இருக்கிறார். மே மாதம் அவர் தன் சொந்த நோட்டோடு நடுவராக நிற்கப்போகிறார், 15 அங்குல ஆண் நாய்களுக்கு.